சங்கிலியை அறுக்கும் கைகள்

காஞ்சிபுரம் என்றவுடன் வெளியூரார்க்குப் பட்டும் கோயில்களுமே நினைவுக்கு வரும். இவ்வூரின் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. புற்றுக்குத் தரப்படும் கடுமையான மருந்துகள் நோயாளியின் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகின்றன. நமக்குச் சாதாரணச் சளியாக வந்து போகும் கிருமி, அந்நிலையில் உள்ளவரின் உயிரையே பறிக்கக் கூடும். அத்தகையோரை நாள்தோறும் தொட்டுப் பணிபுரிபவர் செவிலியர். அவருடைய கை தூய்மையாயிருப்பின் அது மருந்து. இல்லையேல் அதுவே நோய்.

நம் சமுதாயப் பெண்மக்கள் பலர் இன்று செவிலியர் கல்வி பயில்கின்றனர். படிப்பை முடித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவர்கள், வளைகுடா நாடுகளில் பணிபுரிய விரும்பினால் துபை, சவூதி அரேபியா முதலிய இடங்களின் சுகாதாரத் துறையினர் கோரும் உரிமத் தேர்விலும் தேற வேண்டும். தரப்படும் விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் தேர்வு அது. அதற்குரிய பாடங்களுள் தலையாயது தொற்றுத் தடுப்பு. தேர்வு எழுதும் மகளுக்கும், அருகிருந்து கேள்வி கேட்டு உதவும் பெற்றோருக்கும் பயன்படும் வகையில் அதன் அடிப்படைகளைக் காண்போம்.

ஆறு கண்ணிகள்

தொற்றுநோய் ஒரு சங்கிலி போன்றது. அதற்கு ஆறு கண்ணிகள். நோய்க்கிருமி, அது தங்கியிருக்கும் இடம், அங்கிருந்து வெளியேறும் வழி, பரவும் முறை, மற்றோர் உடலில் புகும் வழி, எளிதில் நோய்க்கு ஆளாகும் மனிதர் என்பன அவை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதை முடிந்துவிடுவார். செவிலியரின் வேலை அதற்கு நேர்மாறானது. எங்கேனும் ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் போதும். நோய் அங்கேயே நின்றுவிடும். கை கழுவுதல் பரவும் முறையை அறுக்கிறது. புண்ணை மூடிக் கட்டுதல் புகும் வழியை அடைக்கிறது. தடுப்பூசி மனிதரை வலுப்படுத்துகிறது. எந்தக் கேள்வி வந்தாலும், எந்தக் கண்ணி இங்கே அறுபடுகிறது என்று சிந்தித்தால் விடை தானே புலப்படும்.

பெயர் தெரியாத நோய்

2018-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியது. முதல் நோயாளி பேராம்பிரா தாலுகா மருத்துவமனைக்கு வந்தபோது அந்நோயின் பெயரை எவரும் அறிந்திருக்கவில்லை. அவருக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி, மே 21 அன்று அதே நோயால் உயிர்நீத்தார். இரு சிறு குழந்தைகளின் தாய் அவர். முதல் நோயாளி பின்னர்க் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு அவர் இருமியபடி காத்திருந்த ஸ்கேன் பிரிவின் நடைக்கூடத்தில் பலருக்கும் நோய் தொற்றியிருந்தது பின்னர் நடந்த ஆய்வில் தெரிய வந்தது.

பரிசோதனை முடிவு வரும்வரை நோய் தன் பெயரைச் சொல்வதில்லை. ஆகவேதான், நோய் இன்னதென்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லா நோயாளிகளிடமும் ஒரே விதமாகக் கடைப்பிடிக்க வேண்டிய ‘பொதுக் காப்பு முறைகள்’ வகுக்கப்பட்டன. இரத்தம், உடல்நீர், சளி, புண் ஆகியவற்றைத் தொட நேரிடும்போது கையுறை அணிதல், தெறிக்கும் எனில் முகத்தையும் உடையையும் காத்தல், இருமுவோர்க்கு முகக்கவசம் தந்து தனியே அமர்த்துதல் என்பன அவற்றுள் அடங்கும். ‘யாரிடம் பொதுக் காப்பு முறைகளைக் கையாள வேண்டும்?’ என்ற வினாவிற்கு விடை ‘எல்லாரிடமும்’ என்பதே.

கை கழுவும் ஐந்து தருணங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஐந்து தருணங்கள் சொல்லப்பட்டுள்ளன. நோயாளியைத் தொடுமுன், தூய சிகிச்சை முறையைத் தொடங்குமுன், உடல்நீர் பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின். சோப்பும் நீரும் எனில் 40 முதல் 60 வினாடி. ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு எனில் 20 முதல் 30 வினாடி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருப்பின் சோப்பும் நீருமே வேண்டும். கையுறை அணிந்திருந்தாலும் கழற்றியபின் கை கழுவுதல் கடமை. மோதிரமும் செயற்கை நகமும் கிருமிக்கு உறைவிடம். பணியில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

‘ஆல்கஹாலைக் கையில் தடவலாமா?’ என்று நம் பெண்கள் சிலர் தயங்குவதுண்டு. 2002-ஆம் ஆண்டு மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில், கிருமியை அழிப்பதற்கும் புண்ணைத் தூய்மை செய்வதற்கும் அதை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்துள்ளது. தயக்கம் தேவையில்லை. ஒளுச் செய்த கைதானே என்று இருந்துவிடவும் கூடாது. தொழுகைக்கான தூய்மை வேறு, ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் வேண்டிய தூய்மை வேறு.

பரவும் வழிக்கேற்ற காப்பு

சில நோய்களுக்குப் பொதுக் காப்போடு கூடுதல் காப்பும் வேண்டும். நுரையீரல் காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றில் பரவுபவை. அவற்றிற்குத் தனியறையும் என்-95 முகக்கவசமும் தேவை. இன்ஃபுளுவென்சா, தொண்டை அடைப்பான், கக்குவான் ஆகியவை நீர்த்துளிகளால் பரவுபவை. அவற்றிற்கு அறுவை முகக்கவசம். சொறி சிரங்கு போன்றவை தொடுதலால் பரவுபவை; அவற்றிற்குக் கையுறையும் மேலங்கியும்.

அணியும் வரிசை மேலங்கி, முகக்கவசம், கண்ணாடி, கையுறை. கழற்றும்போது கையுறை முதலில், கண்ணாடி, மேலங்கி, முகக்கவசம் இறுதியில். மிகுதியாக அழுக்கானது முதலில் போக வேண்டும். மூச்சைக் காப்பது கடைசிவரை இருக்க வேண்டும். காரணம் புரிந்துவிட்டால் வரிசை மறக்காது.

ஊசியும் கழிவும்

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடுதல் கூடாது. ஊசி குத்திவிட்டால் அவ்விடத்தைப் பிழியாமல் சோப்பாலும் நீராலும் கழுவி, உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3 அளவே. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை முதல் இரண்டு மணி நேரத்திலேயே தொடங்குவது சிறந்தது. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 100-க்கு 30 வரை உண்டு. ஆதலால் பயிற்சிக்குச் செல்லுமுன்பே அதற்குரிய மூன்று தவணைத் தடுப்பூசியை மகளுக்குப் போட்டுவிடுவது பெற்றோரின் பொறுப்பு.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டும் மஞ்சள் நிறப் பையிலும், கையுறை, குழாய் போன்றவை சிவப்புப் பையிலும், ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலத்திலும், கண்ணாடிப் புட்டிகள் நீல நிறப் பெட்டியிலும் சேர வேண்டும். இக்கழிவை அள்ளும் எளிய தொழிலாளியின் கையும் ஒரு கைதான் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

தேர்வு ஒரு நாளோடு முடிந்துவிடும். பணிக்கூடத்தில் எவரும் பாராத நள்ளிரவிலும் கை கழுவ எழும் பெண்ணே இப்பாடத்தில் உண்மையாகத் தேறியவள். பெற்றோர்களே, மதிப்பெண்ணைக் கேட்கும்போது இதையும் மகளிடம் கேளுங்கள்.