தகரத்தில் மிதக்கும் துடுப்புச்சக்கரக் கப்பல்

நிலம் பின்னால் நின்றுவிடும். கைத்தொழில் கூடவே வரும். வயலை விட்டு வந்த குடும்பங்களில் பிள்ளைகளின் கைக்கு ஒரு தொழில் பழகவேண்டும். தகரவேலையைத் தொடங்க நல்ல வழி ஒரு கப்பல் செய்வது. கப்பல் பொய் சொல்லாது: பற்றவைப்பு சரியில்லையென்றால் தண்ணீர் உடனே காட்டிக்கொடுக்கும்.

இரும்பு மிதக்குமா என்ற கேள்வி பழையது. 1822-ல் 'ஏரன் மன்பி' என்ற இரும்புத் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் லண்டனிலிருந்து பாரிஸ் வரை சென்று அதற்குப் பதில் சொன்னது. கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கினால் மிதக்கும். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல்களுக்குப் பின்புறம் நீருக்கடியில் திருகுவிசிறி இருந்தது. ஆழமில்லாத நீருக்கோ பக்கச் சக்கரங்களே வசதி. தாராபுரத்துப் பிள்ளைகள் ஒரு தொட்டியிலோ மழைநீர்க் குட்டையிலோ இதை ஓட்டிப் பார்க்கலாம்.

அளவும் எடையும்

நீளம் 40 செ.மீ., அகலம் 10 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. நீரில் அமிழ்ந்தால், நேரான பெட்டி 1,200 கிராம் நீரை விலக்கும். இரு முனையும் கூராவதால் முக்கால் பங்கென்று எடுத்தால் 900 கிராம். 0.3 மி.மீ. தகரத்தில் ஓடு சுமார் 250 கிராம். மீதி 650 கிராம் சக்கரத்துக்கும் பாரத்துக்கும் உரியது. பாரத்தை அடித்தளத்திலேயே வைக்கவேண்டும்; மேலே வைத்தால் கவிழும்.

வெட்டுதலும் பற்றவைத்தலும்

முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்க்கவேண்டும். பிறகு பிஸ்கட் தகரத்தில் வரைந்து தகரக் கத்தரியால் வெட்டலாம். பக்கத் தகடு 7 செ.மீ. அகலம்: கீழே அரை செ.மீ. அடித்தகட்டுடன் ஒட்ட, மேலே அரை செ.மீ. விளிம்பாக மடிக்க. மடித்த விளிம்பு கையை வெட்டாது, ஓட்டையும் விறைப்பாக்கும்.

பெயின்ரையும் எண்ணெயையும் நீக்கிய பின்னரே பற்றாசு பிடிக்கும். சூடாக வேண்டியது தகடு; அது சூடானால் பற்றாசு தானே இடைவெளிக்குள் ஓடும். முதலில் இடைவிட்டுச் சில புள்ளிகளில் பிடிக்கவைத்து, பின்னர் முழுதும் நிரப்பவேண்டும். முடிந்ததும் நன்றாகக் கழுவாவிட்டால், பற்றவைக்கப் பூசிய அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். பழைய பேப்பரின் மேல் வைத்து ஓட்டுக்குள் நீர் ஊற்றினால், நனைந்த இடமே ஒழுகும் இடம்.

சக்கரம்

அச்சுத் துளையை அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் போட்டால் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும், ஒழுகாது. 6 செ.மீ. விட்டச் சக்கரத்தின் துடுப்புகள் நீரில் 1 செ.மீ. மட்டுமே இறங்கும். அதிகம் இறங்கினால் நீரைத் தூக்குவதிலேயே விசை போய்விடும். பின்புறக் கொக்கியில் சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டி, அதன் நுனியிலுள்ள நூலை அச்சில் சுற்றி விட்டால் கப்பல் ஓடும்.

கவனம்

மூடிய டின்னில் நீர் கொதிக்கவைத்து நீராவி தேடவேண்டாம், வெடிக்கும். பெற்றோல் இருந்த தகரத்தைச் சூடாக்கக் கூடாது. கிருமிநாசினி இருந்த தகரத்தைத் தொடவே வேண்டாம். வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்து, பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். ஈயம் கலந்த பற்றாசைக் குடிநீர், உணவுப் பாத்திரங்களில் பயன்படுத்தக் கூடாது.

இந்த ஓட்டில் ஒழுகாத மூட்டு ஒன்றைப் போட்டவருக்கு, புனலும், கூரைப் பீலியும், பூவாளியும் தூரமில்லை. அவை எந்த ஊரிலும் தேவைப்படும் பொருட்கள். வீட்டிலுள்ள ஒரு பழைய பிஸ்கட் தகரத்திலிருந்து நாம் தொடங்குவோம்.