பரிசோதனையில் குறையில்லை, அச்சம் ஏன் நீங்கவில்லை?

நோய் உள்ளதா என்று அறிவதற்கே பரிசோதனை செய்கிறோம். “குறை ஒன்றுமில்லை” என்ற முடிவு வந்ததும் பெரும்பாலோர் மனம் அமைதியடைகிறது. சிலருக்கோ அவ்வமைதி சில நாட்களே நிலைக்கிறது. பிறகு பழைய ஐயம் மீண்டும் தலைதூக்குகிறது. இவர்கள் பொய் கூறுபவர்கள் அல்லர். இவர்கள் படும் துன்பம் மெய்யானது. இந்நிலையை நோயச்சம் எனலாம். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு, கைகளை ஓயாமல் கழுவத் தூண்டும் மனநோய் இடம்பெற்ற தொகுதியிலேயே இதனையும் சேர்த்துள்ளது. இவ்விரண்டிற்கும் உள்ள ஒற்றுமை யாது?

பெங்களூரின் காக்ஸ் டவுனில் வாழும் எழுத்தர் ஒருவரை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். மாடிப்படி ஏறுகையில் அவருடைய நெஞ்சு படபடக்கிறது. இருதய நோயோ என அஞ்சுகிறார். அச்சம் எழுந்ததும் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, துடிப்பை மேலும் விரைவாக்குகிறது. உடனே நாடியை எண்ணத் தொடங்குகிறார். ஆரோக்கியமானவரிடமும் எப்போதாவது நேரும் தவறிய துடிப்பு, உற்றுக் கவனிப்பதால் பெரிதாகத் தோன்றுகிறது. ஈ.சி.ஜி. எடுக்கிறார், சரியாக இருக்கிறது, மனம் தேறுகிறது. அடுத்த வாரமே, “அன்று நோய் வெளிப்படாமல் இருந்திருக்கலாமே” என்ற எண்ணம் எழுகிறது. வேறொரு வைத்தியரை நாடுகிறார்.

கைகழுவுதல் அழுக்கைப் பற்றிய அச்சத்தைச் சிறிது நேரம் தணிப்பதுபோல், பரிசோதனையும் நோயைப் பற்றிய அச்சத்தைச் சிறிது நேரம் தணிக்கிறது. அந்தச் சிறு நிம்மதியே மீண்டும் சோதிக்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்கிறது. ஹிலரி வார்விக், பால் சால்கோவ்ஸ்கிஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள் 1980களில் இவ்வுண்மையை விளக்கினர். எப்பரிசோதனையும் முழு உறுதியைத் தர இயலாது. நோயச்சம் வேண்டுவதோ அம்முழு உறுதியையே.

ஆகவே, “உனக்கு ஒன்றுமில்லை” என்று பலமுறை கூறுவது உதவியாகாது. கள ஊழியரும் ஆசிரியரும் பின்வரும் முறைகளைக் கையாளலாம்.

முதலாவது, துன்பத்தை ஏளனம் செய்யாமல் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, ஒரே வைத்தியரிடம், குறித்த நாட்களில் மட்டும் செல்லுமாறு கூற வேண்டும். மூன்றாவது, நாடி பார்த்தல், கட்டியைத் தடவிப் பார்த்தல் போன்றவற்றை முதலில் பத்து நிமிடம், பின்னர் ஒரு மணி நேரம் என ஒத்திப்போடப் பழக்க வேண்டும். சோதிக்காமலே அச்சம் தானாகத் தணிவதை அவர் அனுபவத்தில் காண்பார். நான்காவது, ஒரே கேள்விக்கு வீட்டார் நாள்தோறும் விடை கூறாமல், “இது அச்சத்தின் கேள்வி” என்று அன்புடன் நினைவூட்டலாம். ஐந்தாவது, நடை, வேலை, பள்ளி வருகை ஆகியவற்றைக் கைவிடாதிருக்கச் செய்ய வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நோயச்சம் உடையவருக்கும் உடல்நோய் வரக்கூடும். புதிய நெஞ்சுவலி, இரத்தப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றை “மனப்பிராந்தி” என்று தள்ளிவிடலாகாது. உரிய பரிசோதனை தாமதமின்றி நடைபெற வேண்டும்.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. சிந்தனையையும் செயலையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையை இங்கிலாந்தில் 444 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். வழக்கமான கவனிப்பைவிட அது மிகுந்த பயன் தருவதும், அப்பயன் ஈராண்டு நீடிப்பதும் 2014இல் வெளியான முடிவுகளால் தெரியவந்தன. தேவைப்படின் மருந்தும் தரப்படும். பெங்களூர் ஓசூர் சாலையில், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் அங்கிருந்த மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவான நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இத்தகைய சிகிச்சை பெறலாம். தொலைவில் உள்ளோர், 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அச்சமுற்றவரிடம் இவ்வெண்ணைக் கொடுப்பது, மற்றொரு பரிசோதனைக்கு அவரை அனுப்புவதிலும் பயனுடையதாகும்.