நியமகிரியைக் காத்த கிராம சபைகள்

ஒடிசாவின் நியமகிரி மலை பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் தண்ணீரைத்தான் சொல்வேன். உச்சியிலுள்ள பாக்சைட் படிவம் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளில் கசியவிடுகிறது. டோங்ரியா கோந்த் மக்கள் மலைச்சரிவில் மஞ்சளும் அன்னாசியும் பயிரிடுவது அந்த ஈரத்தை நம்பித்தான். உச்சியோ அவர்கள் தெய்வமான நியமராஜாவின் இடம். அங்கே மரம் வெட்ட மாட்டார்கள்.

அந்த உச்சியைத்தான் லாஞ்சிகரில் உள்ள வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலைக்குப் பாக்சைட் எடுப்பதற்காகத் தோண்டத் திட்டமிட்டார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்னது. மாவட்ட நீதிபதி முன்னிலையில் 12 ஊர்கள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

கிராம சபைக்கு இத்தனை வலு உண்டென்று எனக்குக் காட்டியவர்கள் இந்த மலைமக்கள். உங்கள் ஊரில் சபை கூடும்போது தவறாமல் போய் உட்காருங்கள்.