கொதித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு?

சாதாரண பாலிஎத்திலீன் 135 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதற்குள் உருகிவிடும். அதே பாலிஎத்திலீன், சங்கிலி மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு போடப்பட்டால், மின்கேபிளின் காப்பாக 90 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. சுடுநீர்க் குழாயாகச் சுவருக்குள் போகிறது. சிக்கிக் கிடக்கும் நூலைப் பொறுமையாக இழுத்தால் பிரித்துவிடலாம், முடிச்சிட்ட வலையைப் பிரிக்க முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் முடிச்சு விழுந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. நல்ல குழாயும் அரைகுறைக் குழாயும் பார்வைக்கு ஒன்றே.

அதனால் வேகவைத்துப் பார்க்கிறார்கள். குழாயிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து, எடை போட்டு, துருப்பிடிக்காத எஃகு வலைப்பையில் அடைத்து, கொதிக்கும் சைலீன் என்ற கரைப்பானில் மணிக்கணக்கில் தொங்கவிடுவார்கள். சைலீன் கொதிப்பது ஏறக்குறைய 140 டிகிரியில்; அமெரிக்கத் தரமுறையான ஏஎஸ்டிஎம் டி2765 இதற்கு 12 மணி நேரம் கேட்கிறது. பிணைபடாத சங்கிலிகள் கரைந்து வெளியேறும். பிணைந்தவை ஊதிப் பெருக்குமே தவிர கரையா. கரைப்பானில் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் சிறிது கலப்பது கட்டாயம். இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் ஆக்ஸிஜன் சங்கிலிகளையே அறுத்து, நல்ல குழாய்க்கும் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடும்.

மிச்சத்தை வெற்றிட அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போடுவார்கள். 0.300 கிராமில் 0.213 மிஞ்சினால் ஜெல் அளவு, அதாவது கரையாமல் நின்ற பங்கு, 71 சதவீதம். கரிப்பொடி போன்ற நிரப்பிகளும் கரையாது என்பதால் அவற்றின் எடையைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.

சுடுநீர்க் குழாய்களுக்கான ஐஎஸ்ஓ 15875, பெராக்ஸைடால் பிணைத்த குழாய்க்குக் குறைந்தது 70, சிலேன் முறைக்கு 65, எலெக்ட்ரான் கற்றை முறைக்கு 60 சதவீதம் வேண்டும் என்கிறது. இதை வைத்து 70தான் உசத்தி என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். இந்த எண் முடிச்சுகளை எண்ணுவதில்லை. ஒரே இடத்தில் வலையோடு பிணைந்த சங்கிலியும் பத்து இடங்களில் பிணைந்த சங்கிலியும் இந்தத் தராசுக்கு ஒன்றுதான். நெருக்கத்தை அறிய, ஊதிய நிலையிலேயே மிச்சத்தை எடை போட வேண்டும்: முடிச்சு குறைந்தால் ஊதல் கூடும். அதைக் கணக்காக்கும் சமன்பாட்டை ஃபுளோரியும் ரேனரும் 1943இல் தந்தார்கள்.

கேபிள் ஆலைகளுக்கு அரைநாள் காத்திருக்க நேரமில்லை. 200 டிகிரி அடுப்பில் காப்புத் துண்டில் எடையைத் தொங்கவிட்டு, 15 நிமிடத்தில் எவ்வளவு நீள்கிறது என்று அளந்துவிடுகிறார்கள். பிணைப்பு போதவில்லையென்றால் துண்டு அங்கேயே அறுந்து விழும்.