சொந்த வீட்டை விற்பது எப்படி?

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்" என்றனர் நம் முன்னோர். "வீட்டை விற்றுப்பார்" என்பதையும் அதனோடு சேர்த்துக் கொள்ளலாம். மைசூரில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் சிலர், பிள்ளைகள் இருக்கும் இடத்திற்கோ சொந்த ஊருக்கோ செல்ல எண்ணுகின்றனர். அவர்களுடைய ஆயுட்காலச் சேமிப்பெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு வீட்டிலேயே அடங்கியிருக்கும். அவசரத்தில் விற்றால் அச்சேமிப்பில் ஒரு பகுதி கரைந்து போகும். பெற்றோருக்குத் துணை நிற்க வேண்டிய மாணவர்களாகிய நாம், இதுபற்றிச் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

முதலில் வேண்டுவன பத்திரங்கள். கொள்ளைநோய் பரவிய காலத்தை அடுத்து, 1903-ஆம் ஆண்டில் மைசூரில் நகர அபிவிருத்திக் குழு அமைந்தது. நேரான தெருக்களும் அளவெடுத்த மனைகளும் கொண்ட குடியிருப்புகள் தோன்ற அது வழிசெய்தது. 1988-இல் அதன் பணியை 'முடா' என்னும் நகர வளர்ச்சி ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஆகவே இந்நகரின் பல வீடுகளுடைய வரலாறு, இவ்வமைப்புகள் தந்த ஒதுக்கீட்டு ஆணையிலிருந்தே தொடங்குகிறது. அந்த ஆணை, உடைமைச் சான்று, கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், வரி ரசீது, காத்தா ஆகியவற்றை வரிசையாக எடுத்து வையுங்கள். வில்லங்கச் சான்றும் வாங்கி வையுங்கள். வந்தவர் கேட்ட பின்பு தேடத் தொடங்கினால், அவர் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்.

அடுத்தது விலை. அரசின் வழிகாட்டு மதிப்பு முத்திரைக் கட்டணத்தைக் கணக்கிடுவதற்கு உரியது. அதுவே சந்தை விலை ஆகாது. அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையை நான்கு பேரிடம் விசாரிப்பதே நல்ல வழி. கொல்லையில் நாம் நட்ட மாமரத்தின் அருமை நமக்குத்தான் தெரியும். வாங்குபவர் அதற்கு விலை தரமாட்டார்.

மூன்றாவது விளம்பரம். வாயிற்கதவில் "மனெ மாராட்டக்கிதெ" என்று கன்னடத்தில் ஒரு பலகை தொங்கினால், அத்தெருவாரே ஆள் கொண்டு வருவர். 'மைசூரு மித்ரா', 'ஸ்டார் ஆஃப் மைசூர்' போன்ற உள்ளூர் நாளிதழ்களிலும் விளம்பரம் தரலாம். "அழகிய வீடு" என்று எழுதுவதால் பயன் யாது? மனை 30-க்கு 40 அடியா, 40-க்கு 60 அடியா, வாயில் எத்திசை நோக்கியது, கட்டி எத்தனை ஆண்டு ஆயிற்று, குழாயில் குடிநீர் எந்நேரம் வருகிறது என்பவற்றையே வாங்குபவர் அறிய விரும்புவார். நம் ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்தில் இவ்வூரார் பலர் வீடு வாங்கத் தயங்குவர். அம்மாதத்தில் வெள்ளையடித்து, பழுது பார்த்து, பத்திரங்களைச் சரிசெய்து கொண்டால், சிராவணம் பிறந்ததும் விற்பனையைத் தொடங்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஓதம் ஏறிய சுவரைப் புதுச் சுண்ணாம்பால் மறைப்பது திறமை என்று சிலர் கருதுகின்றனர். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுவது வேறு. தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும்; மறைத்தால் அது மோசடியாகவே கருதப்படும். உரிமையில் உள்ள சிக்கலுக்கும் இதுவே விதி. பங்காளி வழக்கை மறைத்து விற்றவர், பெற்ற பணத்தோடு நிம்மதியாக இருக்க முடியாது.

விலை படிந்ததும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்க. முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே பெறுக. வாங்க வருபவருக்குப் பத்திரங்களின் நகல் போதும். முழுத் தொகையும் கைக்கு வந்து, கிரயம் பதிவாகும் நாளிலேயே மூலப் பத்திரங்களைக் கொடுக்க வேண்டும். தரகர் வழியாக விற்பதானால், அவர் கூலி எவ்வளவு என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுக.

வாங்குபவரும் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுதான் வருகிறார். அதனை நினைவிற் கொண்டு உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பவருக்கு, விலை சற்றுக் குறைந்தாலும் பின்னர் நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலை வராது.