மூட்டைக்கு ஒரு நடை எதற்கு?

போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே கிடக்கும் ஐம்பது மூட்டை ஏலக்காயை ஒவ்வொன்றாக ஜீப்பில் இறக்கினால் டீசல் காசுகூடத் தேறாது. தரவுத்தளத்துக்கு நிரல் எழுதுபவர்கள் இதைத்தான் அடிக்கடி செய்கிறார்கள்.

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் சாம்பிள் காயைப் பார்த்து, கணினியில் விலை கேட்கிறார்கள். அதுபோன்ற ஏலங்களில் விற்ற 10,000 லாட்டுகளின் விலையை நீங்கள் பதிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாட்டுக்கு ஓர் ‘அப்டேட்’ கட்டளை என்று சுழல் எழுதினால், ஒவ்வொன்றும் நெட்வொர்க்கில் போய்த் திரும்ப வேண்டும். நடைக்கு 2 மில்லிநொடி என்றாலும் 20 நொடி வழியிலேயே போய்விடும். போதாததற்கு, ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் வட்டில் எழுதி உறுதிசெய்கிறது.

எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் அடைத்தால், வட்டில் உறுதிசெய்யும் வேலை ஒரு முறையோடு முடியும். நடை மட்டும் குறையாது. அதற்கும் வழி உண்டு. லாட் எண், விலை என்ற இரண்டு பத்திகளை மட்டும் ஒரு தற்காலிக அட்டவணையில் மொத்தமாகக் கொட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ‘காப்பி’ கட்டளை இதற்கென்றே இருக்கிறது. பிறகு ஒரே கட்டளை: லாட் எண் பொருந்தும் இடமெல்லாம் விலையை மாற்று. எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதைத் தரவுத்தளத்திடம் விடும் இந்தப் போக்குக்கு, ஐபிஎம்மின் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரை அடித்தளம்.

இரண்டு எச்சரிக்கை. தற்காலிக அட்டவணையில் ஒரே லாட் எண் இருமுறை வந்தால் எந்த விலை நிற்கும் என்று சொல்ல முடியாது. எண் திரும்ப வராதபடி தடை போடுங்கள். லட்சக்கணக்கான வரிசைகள் என்றால் சில ஆயிரங்களாகப் பிரியுங்கள். ஒரேயடியாக மாற்றினால், வேலை முடியும்வரை அந்த வரிசைகள் பூட்டிக் கிடக்கும். மற்றவர்கள் அவற்றை மாற்றக் காத்திருக்க நேரும். வளைவில் ஓவர்லோடும் ஆபத்துதான்.

சில வேலைக்கு ஜீப்பே வேண்டாம். லாட்டின் தொகை, எடையை விலையால் பெருக்கினால் வந்துவிடும். இரண்டும் தரவுத்தளத்திலேயே இருக்கின்றன. பெருக்கி எழுது என்று ஒரு வரி போதும். அதை விட்டுவிட்டு எல்லா வரிசைகளையும் நிரலுக்கு வரவழைத்துப் பெருக்கித் திருப்பி அனுப்புவது, போடிக் கிடங்கில் இருக்கும் காயை மலையேற்றி எடைபோட்டு மறுபடி இறக்குவதுதான்.