கடைக் கம்ப்யூட்டருக்கும் பின்கதவு உண்டு

சிவப்பு அட்டை போட்ட பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தில் இன்று நம் கடைகளில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி, எந்த மில்லில் என்ன விலைக்குச் சரக்கு எடுத்தோம், ஜி.எஸ்.டி.க்கு என்ன கணக்குக் காட்டினோம் என்ற அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பாஸ்வேர்டைப் போட்டு வைத்துவிட்டு, பூட்டியாயிற்று என்று வீட்டுக்குப் போகிறோம். நாம் பூட்டியது முன்வாசலை மட்டும்தான் என்பதை வணிக அன்பர்கள் பலர் கவனிப்பதில்லை.

கம்ப்யூட்டருக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ரெகவரி மோடு என்பார்கள். மீட்பு நிலை என்று தமிழில் சொல்லலாம். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், அல்லது பாஸ்வேர்டு மறந்துவிட்டால், உள்ளே போய்ச் சரி செய்வதற்காக அதைத் தயாரித்தவர்களே வைத்த வழி இது. கிட்டங்கிக்குப் பின்கதவு இல்லாமல் முடியுமா? முடியாது. ஆனால் அந்தக் கதவைத் தாழ்ப்பாள் இல்லாமல் விடுவதும், பூட்டிவிட்டுச் சாவியை ஊரார் கையில் கொடுப்பதும் வியாபாரம் தெரிந்தவர் செய்கிற காரியம் அல்ல.

2011 முதல் நம் மாநில அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளை எல்லோரும் அறிவோம். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போனதும், பில் போடும் இயந்திரமாக அவற்றில் பல கடைக்கு வந்து சேர்ந்தன. விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் அதில் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். நம் நாட்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது அது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. நல்ல சரக்குதான், குறை சொல்வதற்கில்லை.

அப்படிப்பட்ட மடிக்கணினி ஒன்று ராயகிரியில் நம் வீட்டில் சும்மா கிடந்தது. பொறியியல் படித்த மருமகன் ஒருவன் விடுமுறைக்கு வந்தபோது, இதைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க முடியுமா என்று கேட்டோம். "மாமா, கடிகாரத்தைப் பாத்துக்கிடுங்க" என்றான். சுவிட்சைப் போட்டதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது அல்லவா, அதன் பெயர் கிரப். அதில் ஒரு வரியைத் திருத்தி, கடைசியில் இரண்டொரு சொல்லைச் சேர்த்தான். முழுதாக இரண்டு நிமிடம் ஆகவில்லை. சர்வ அதிகாரமும் உள்ள 'ரூட்' ஆக உள்ளே நின்றான். பாஸ்வேர்டை அது கேட்கவே இல்லை. பழைய பாஸ்வேர்டை மாற்றிப் புதிது போடவும் அவனால் முடிந்தது.

இதற்குப் பூட்டு உண்டா என்றால், உண்டு. கிரப் பட்டியலுக்கே தனியாக ஒரு பாஸ்வேர்டு வைக்கலாம். அது கோப்பில் அப்படியே எழுதப்படுவதில்லை; உருத்தெரியாமல் மாற்றிப் பதியப்படுவதால், பார்க்கிறவருக்கும் படிக்க வராது. ஆனால் சாதாரணமாக வைத்தால், காலையில் கடை திறக்கும் பையன் சுவிட்சைப் போட்டதுமே பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். பிறகு அந்தப் பாஸ்வேர்டு கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூட்டு இருந்தும் இல்லாத கதைதான். ஆகவே செய்து கொடுக்கிறவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: தினசரித் திறப்புக்குக் கேட்கக் கூடாது, ரெகவரிக்கும் பட்டியலைத் திருத்துவதற்கும் மட்டும் கேட்க வேண்டும். வேலை தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை. அதோடு, பென் டிரைவ் மூலம் வேறு இயங்குதளத்தை ஏற்றி உள்ளே நுழையாதபடி பயாஸ் பகுதிக்கும் ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், ஹார்டு டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு போய் வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் என்ன செய்வது? அதற்குத்தான் என்கிரிப்ஷன் என்ற முறை இருக்கிறது. டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் சங்கேதமாக மாற்றிவிடுவது. சாவி இல்லாதவருக்கு அது வெறும் கிறுக்கல். லினக்சில் இதை நாமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோசில் நிலைமை வேறு. பலரும் இடறி விழுகிற இடம் அதுதான்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நம்மில் பலர். 2024-இல் வந்த அதன் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் என்கிரிப்ஷன் தானாகவே ஏறிவிடுகிறது. நம்மைக் கேட்பதில்லை. சாவி 48 இலக்க எண். ஆறாறாக எட்டுத் தொகுதி. அந்தச் சாவி எங்கே போகிறது? யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டுத் துவக்கினார்களோ, அவருடைய கணக்குக்குப் போகிறது. கடைக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்க வந்த தம்பி, அவசரத்துக்குத் தன் ஈமெயிலைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், நம் கிட்டங்கிச் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று அர்த்தம்.

நம் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு இதுதான் நடந்தது. இடி மின்னலில் மதர்போர்டு போய்விட்டது. புதுப் போர்டு மாட்டியதும் நீலத் திரை வந்து 48 இலக்கத்தைக் கேட்டது. தினமும் தானாகத் திறந்துகொண்டதற்குக் காரணம், சாவி பழைய போர்டில் இருந்த சில்லுக்குள் பாதுகாக்கப்பட்டிருந்ததுதான். பூட்டிக் கொடுத்த பையனோ திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனைத் தேடிப் பிடித்து எண்ணை வாங்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் வசூலுக்குப் போன ஆள், பாக்கிதாரர் வாயால் சொன்ன தொகையை வாங்கிக்கொண்டு வந்தார். பையன் நல்லவன், கேட்டதும் கொடுத்தான். எண் தொலைந்தே போயிருந்தால் மைக்ரோசாஃப்ட்காரர்களாலும் எடுத்துத் தர முடியாது.

நம் ஊர்க் கதை மட்டும் அல்ல இது. 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளியன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்னவோ எளியதுதான்: ரெகவரி மோடு வழியாகப் போய் அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் என்கிரிப்ஷன் போட்ட கம்ப்யூட்டர்கள் வாசலிலேயே 48 இலக்கத்தைக் கேட்டன. எண்ணை எழுதி வைத்திருந்தவர்கள் வேலையை முடித்தார்கள், மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு இதில் பணம் மட்டும் பிரச்சினை அல்ல. ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. அதிகாரி வந்து கேட்கும்போது நீலத் திரையைக் காட்ட முடியாது. டேலியில் வால்ட் என்ற பூட்டைப் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும்; அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் டேலி நிறுவனமே திறந்து தர இயலாது.

விண்டோசில் பார்க்க வேண்டிய இடம் செட்டிங்ஸ். அதில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன். புரோ பதிப்பாக இருந்தால் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் என்று இருக்கும்; சாவியை அச்சிட்டுக்கொள்ள அங்கேயே வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு முதலாளியின் பெயரில், முதலாளியின் செல்போன் எண்ணில் இருக்கட்டும். 48 இலக்கத்தையும், எந்தக் கம்ப்யூட்டருடையது என்று காட்டும் அடையாள எண்ணையும் தாளில் எழுதி, ஒன்றை வீட்டுப் பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள்; இன்னொன்றைக் கடைக்கு அப்பால் நம்பிக்கையான இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் மேசை டிராயரில் வேண்டாம். திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டி வைக்கிற காரியம் அது. கணக்கின் நகல் ஒன்று தனி டிஸ்க்கில் வாரம் ஒரு முறை ஏறட்டும்.

பழுது பார்க்க வரும் தம்பிகள் மேல் நமக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. எண் கேட்டால் நாமே தட்டிக் கொடுத்து, வேலை முடிகிற வரை அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன், ரெகவரி மோடுக்கு ஒரு முறை போய், தாளில் உள்ள எண்ணால் திறக்கிறதா என்று அவரை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். அன்று வியாபாரமும் மந்தம்தான்.